“மாமா, பூச்சி நாக்கு நீட்டுது!”

மூன்று வயசுப் பிள்ளைக்கு அறிவியலா என்று கேட்கிறவர்களைக் கையைப் பிடித்து எங்கள் தெரு அங்கன்வாடிக்கு இழுத்துக்கொண்டு போகணும் போலிருக்கிறது எனக்கு! சத்துமாவும் முட்டையும் மட்டுமா அங்கே? 1975-ல் அங்கன்வாடித் திட்டம் தொடங்கியபோதே முன்பருவக் கல்வியும் அதில் உண்டு. அதற்கு வண்ணப்படம் வேண்டாம், வீடியோ வேண்டவே வேண்டாம். கைகழுவும் குழாயடியில் ஒரு கறிவேப்பிலைச் செடி போதும்.

நீங்களும் எங்களோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொள்ளுங்கள். கொழுந்தில் கடுகளவு முட்டை, வெளிர்மஞ்சள் நிறத்தில். கறிவேப்பிலை அழகி என்கிற வண்ணத்துப்பூச்சி இட்டுப்போனது. மூன்று நான்கு நாளில் பொரிந்து வந்த புழு, முதல் சாப்பாடாகத் தன் முட்டை ஓட்டையே தின்கிறது! அப்புறம் கொஞ்ச நாளைக்கு அசல் பறவை எச்சம்தான். “சீ, கக்கா!” என்று ஒரு வாண்டு மூக்கைப் பொத்த, அந்தக் கக்கா மெல்ல நகர்ந்தது பாருங்கள், ஆகா, தெருமுனை வரை கேட்டிருக்கும் அந்தக் கூச்சல், அதில் என் குரலும் சேர்த்தி!

நான்கு தரம் சட்டை உரித்துப் பச்சைப்பசேல் என்று கொழுத்து நின்றதை டீச்சர் ஈர்க்குச்சியால் லேசாகத் தொட்டார். சடாரென்று சிவப்பாய்க் கவட்டை போல ஒன்று நீண்டது, குப்பென்று ஒரு புளிச்ச வாடை! “மாமா, பூச்சி நாக்கு நீட்டுது!” டீச்சர் மறுக்கவில்லை. “நாக்கு எங்கேடா கண்ணு இருக்கும்?” “வாயிலே.” “இது எங்கேருந்து வருது, நல்லாப் பாரு.” அந்தப் பிள்ளை தரையோடு தரையாய்க் கவிழ்ந்து பார்த்துவிட்டு, “தலைக்குப் பின்னாடி டீச்சர்! நாக்கு இல்லே!” என்று கத்தியதே, எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது ஐயா! எறும்பு மாதிரி எதிரிகளை விரட்டத்தான் அந்த வாடை என்று அப்புறம் டீச்சர் சொன்னார். ஆனால் நாக்கு இல்லை என்று கண்டுபிடித்தது அந்தப் பிள்ளை, சொந்தக் கண்ணால்!

அப்புறம் கூட்டுப்புழு. இடுப்பில் ஒற்றைப் பட்டுநூல் கட்டிக்கொண்டு ஆடாமல் அசையாமல் கிடந்தது கறுத்துக்கொண்டே வர, எனக்கோ ராத்தூக்கம் போச்சு, காலையில் பால் வாங்கக்கூடப் போகாமல் ஓடினேன், வாண்டுகள் எல்லாம் வாயைப் பிளந்து சுற்றி நிற்க, கூடு கீறியது, கசங்கின துணி மாதிரி ஈர இறக்கையோடு ஒன்று ஏறி வந்து தொங்கியது, உடம்பிலிருக்கும் நீர் இறக்கைக்குள் பாயப் பாய அது விரிந்தது, விரிந்தது, விரிந்துகொண்டே போனது, கறுப்பிலே வெள்ளைப் பொட்டு வரிசை தெரிந்தது, உறிஞ்சுகுழல் இரண்டு இழையாகப் பிரிந்து வந்து சுருட்டிச் சுருட்டி ஒன்றாகிக்கொண்டது, இறக்கை காய்ந்து அது எழும்பிப் பறந்தபோது பிள்ளைகள் கைதட்டிக் குதித்தார்கள், நானும்தான் குதித்தேன், கண்ணில் தண்ணீர் வழிய வழிய!

கொழுந்தெல்லாம் போச்சே, சாம்பாருக்கு என்ன போடுவது என்று ஆயாம்மா முணுமுணுத்தது வாஸ்தவம்தான். இலை திரும்பத் துளிர்க்காதா என்ன!

உங்கள் வீட்டுச் செடியிலும் புழு வரும். மருந்து அடிக்காதீர்கள், நசுக்காதீர்கள். முடியுள்ள கம்பளிப்புழு என்றால் தொடாமல் பார்க்கச் சொல்லுங்கள், அரிக்கும். வீட்டுக் குட்டியைத் தூக்கிக்கொண்டு இன்றைக்கே செடிப்பக்கம் போங்கள். விடையைச் சொல்லாதீர்கள், பார்க்க விடுங்கள்.