பட்டன் மேல் காசு

1987-ல் ஜப்பானின் காப்காம் கம்பெனி ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ என்று ஒரு சண்டை ஆட்டத்தை ஆர்கேடுகளுக்கு அனுப்பியது. அதன் பெரிய மாடலில் அடிப்பதற்குப் பட்டனே கிடையாது. உள்ளங்கை அகலத்துக்கு ரெண்டு மெத்தைகள். ஒன்று குத்துக்கு, ஒன்று உதைக்கு. லேசாகத் தட்டினால் திரையில் இருக்கும் ஆள் லேசாகக் குத்துவான். ஓங்கி அறைந்தால் அவனும் ஓங்கி விடுவான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காசு போட்டவன் சும்மா இருப்பானா? மொத்த கோபத்தையும் மெத்தையில் காட்டினான். கையும் வலித்தது, மெஷினும் வாங்கிக் கட்டிக்கொண்டது. அதே ஆட்டத்துக்கு ஆறு பட்டன் மாடல் ஒன்றும் உண்டு. குத்தில் லேசு, நடுத்தரம், பலம். உதையிலும் அதே மூன்று. நிலைத்தது அதுதான். 1991-ல் வந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ ஆறு பட்டனோடுதான் உலகம் சுற்றியது.

என்ன நடந்தது, கவனித்தீர்களா? பலமான குத்துக்கு இனிமேல் பலமாக அழுத்த வேண்டாம். எந்தப் பட்டன் என்பதுதான் கணக்கு. அப்படியானால் ஒரு பட்டன் விரலுக்குக் கீழே எப்படி இருக்க வேண்டும் என்பதை யார் தீர்மானிப்பது? பி.காம். படித்த புத்தி சொல்கிறது: முதல் போட்ட கடைக்காரர்தான். அமெரிக்க ஆர்கேடு பட்டன்கள் முரட்டு ஸ்ப்ரிங்கும் குழிந்த தலையுமாக இருந்தது ஆடுபவரின் சுகத்துக்காக மட்டுமல்ல. நாள் பூரா ஊரார் பிள்ளைகள் குத்துகிற சாமான், அது பிழைத்திருக்க வேண்டும்.

இப்போது அந்தப் பெட்டியை வீட்டிலேயே செய்கிறார்கள். எம்.டி.எஃப். பலகை, உள்ளே ஒரு கம்ப்யூட்டர், அதில் 1997-ல் இத்தாலிக்காரர் நிக்கோலா சல்மோரியா தொடங்கி வைத்த ‘மேம்’ சாஃப்ட்வேர். பழைய ஆட்டங்கள் ஆயிரக்கணக்கில் ஓடும். பக்கவாட்டு ஸ்டிக்கரின் நிறம் பழைய பெட்டியோடு பொருந்துகிறதா என்று ராத்திரி தூங்காமல் பார்ப்பார்கள். பட்டன் விஷயம் வந்தால் மட்டும் ஒரே பதில்: “ஜப்பான் சான்வா வாங்கிப் போடு, முடிந்தது.”

முடியவில்லை சார். அங்கேதான் எனக்குச் சண்டை.

சான்வா நல்ல சரக்கு, மறுக்கவில்லை. 30 மில்லிமீட்டர் குறுக்களவு, லேசாக மேடிட்ட தலை, விரல் பட்டாலே வேலை செய்யும். சண்டை ஆட்டத்துக்கு அமிர்தம். (அமெரிக்க பட்டனுக்குப் போட்ட துளை 28 மில்லிமீட்டர் சொச்சம். மாற்ற நினைத்தால் பலகையை மறுபடி குடைய வேண்டும். வாங்குவதற்கு முன்னால் யாரும் சொல்லித் தொலைக்க மாட்டார்கள்.) ஆனால் பெட்டியில் ஓடப்போவது சண்டை மட்டும்தானா?

1979-ல் அடாரி வெளியிட்ட ‘ஆஸ்டராய்ட்ஸ்’ ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜாய்ஸ்டிக் கிடையாது, எல்லாமே பட்டன். அந்தக் காலத்துப் பட்டனுக்கு அடியில் இருந்தது லீஃப் சுவிட்ச். ரெண்டு மெல்லிய உலோகத் தகடு, நடுவே துளி இடைவெளி. அழுத்தினால் தொடும், விட்டால் விலகும். சத்தமே வராது. இடைவெளி அதிகமாகத் தோன்றினால் தகட்டைக் கொஞ்சம் வளைத்துவிட்டால் போதும். உங்கள் விரலுக்கு ஏற்ற பட்டன் தயார், செலவு பூஜ்யம்.

பிறகு வந்த மைக்ரோசுவிட்ச், ‘க்ளிக்’ என்று சொல்லும் மூடிய டப்பா. லட்சக்கணக்கான அழுத்தலைத் தாங்கும், அட்ஜஸ்ட் பண்ணும் வேலை கிடையாது. கடைக்காரருக்குக் கொண்டாட்டம். ஆனால் அதில் ஒரு சூட்சுமம். அது ‘ஆன்’ ஆகும் இடமும் ‘ஆஃப்’ ஆகும் இடமும் ஒன்றல்ல. அழுத்திய விரலை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கினால்தான் விடும். ஒரு தரம் அழுத்துவதற்கு இது பெரிய விஷயமில்லை. கொனாமியின் 1983 ‘ட்ராக் அண்ட் ஃபீல்ட்’ மாதிரி, ஓடுவதற்காக ரெண்டு பட்டனைப் படபடவென்று தட்டும் ஆட்டத்தில் ஒவ்வொரு தட்டிலும் அந்தத் துளி வீண். தகடு சுவிட்சில் தொடுவதும் விலகுவதும் ஏறக்குறைய ஒரே புள்ளி. அதனால்தான் பழைய கைகள் இன்னமும் லீஃப் லீஃப் என்று புலம்புகின்றன. வெறும் பழைய நினைப்பு என்று நானும் கொஞ்ச நாள் கிண்டலடித்தேன். தப்பு.

இன்னொரு வகை பேர்வழிகள் உண்டு. பட்டனுக்குள் கால் மில்லிமீட்டர் குறைத்தேன், ஸ்ப்ரிங்கைக் கழற்றினேன், சுவிட்சை மாற்றினேன் என்று பெருமை பேசுவார்கள். திரைக்கு மட்டும் ஹாலில் கிடந்த பழைய எல்.சி.டி. டிவி! படத்தை அழகுபடுத்தும் வேலையில் அது ரெண்டு மூன்று ஃப்ரேம் பின்தங்கும். ஒரு ஃப்ரேம் என்பது நொடியில் அறுபதில் ஒரு பங்கு. விரல் மிச்சம் பிடித்ததை டிவி வட்டியோடு விழுங்கிவிடுகிறது. முதலில் டிவியில் ‘கேம் மோட்’ இருக்கிறதா என்று பாருங்கள், ஸ்ப்ரிங் அப்புறம்.

சரி, உங்கள் பட்டன் எவ்வளவு கனம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? அமெரிக்காவில் ஒரு நாட்டு வைத்தியம் இருக்கிறது. அந்த ஊர் ஐந்து சென்ட் நாணயத்தின் எடை சரியாக 5 கிராம். பட்டன் மேல் ஒவ்வொன்றாக அடுக்குங்கள். எத்தனையாவது காசில் ‘க்ளிக்’ கேட்கிறதோ அதை ஐந்தால் பெருக்குங்கள். ஜப்பானின் ஒரு யென் இன்னும் சௌகரியம், ஒரு கிராம்தான். ஒரு காலத்தில் பெட்டியின் வாய்க்குள் போன காசு இப்போது அதன் தலையில் உட்கார்ந்து எடை போடுகிறது.

அடுக்கிப் பார்த்துவிட்டு எல்லாப் பட்டனையும் ஒரே எடைக்குக் கொண்டுவராதீர்கள், தயவுசெய்து. ‘ஆஸ்டராய்ட்ஸ்’ பலகையில் ஹைப்பர்ஸ்பேஸ் என்று ஒரு பட்டன். அழுத்தினால் உங்கள் கப்பல் மறைந்து, திரையில் எங்கேயோ முளைக்கும். பாறைக்கு நடுவிலும் முளைக்கலாம், முளைத்த உடனே வெடிக்கவும் செய்யலாம். வேறு வழியே இல்லாதபோது அழுத்துகிற பட்டன் அது. விரல் உரசினாலே வேலை செய்யும் சுவிட்சை அதற்குக் கீழே வைத்தால் என்ன ஆகும்? சுடும் பட்டன் இறகு மாதிரி இருக்கட்டும். இதற்கு மட்டும் பழைய முரட்டு ஸ்ப்ரிங்கைத் தேடிப் போடுங்கள். நாலைந்து காசு கூடுதலாகவே கேட்கட்டும்.