அழைத்த பாட்டும் அடிபட்ட பாட்டும்

1914 ஆகஸ்டில் போரில் இறங்கிய பிரிட்டனில் கட்டாயப் படைச்சேர்ப்புச் சட்டம் கிடையாது. ஜெர்மனியும் பிரான்சும் சட்டத்தின் பிடியால் இளைஞரைத் திரட்டின. பிரிட்டனோ விரும்பி வருவோரை நம்பி நின்றது. விரும்ப வைக்க வேண்டுமே! கிச்சனர் பிரபு விரல் நீட்டும் சுவரொட்டி எழுந்தது. லண்டன் பிஷப் விண்ணிங்டன் இங்ராம் படைக்கு ஆள் அழைத்துப் பேசினார். (எதிரணியிலும் அதே ஆண்டவன்தான், அங்கும் அவனுக்கு அதே வேலைதான்!) கவிதையும் அப்பணிக்கு அழைக்கப்பட்டது.

'டெய்லி மெயில்' ஏட்டில் எழுதிவந்த ஜெஸ்ஸி போப் அம்மையாரின் 'ஆட்டத்திற்கு யார் வருவீர்?' என்னும் பாட்டைப் பாருங்கள். ஓசை துள்ளுகிறது, மறுப்பதற்கில்லை. போர் அங்கே விளையாட்டு. வராதவன் வேடிக்கை பார்ப்பவன். வினாக்கள் வரிசையாக நிற்கின்றன, விடையோ ஒன்றே. நாணத்தைத் தூண்டி ஆள் பிடிக்கும் கலை அது. ஊன்றுகோலோடு திரும்புவோன் உண்டு அப்பாட்டில். திரும்பாதவன் ஒருவன்கூட இல்லை!

1915 முடிவதற்குள் ஏறத்தாழ 25 லட்சம் பேர் தாமாக வந்தனர். போதவில்லை. 1916 ஜனவரியில் சட்டம் வந்தது. பாட்டு கெஞ்சிய இடத்தில் சட்டம் கையைப் பிடித்து இழுத்தது. போரின் கடைசி ஆண்டில் சோதிக்கப்பட்ட 24 லட்சம் ஆடவருள் முழு உடல்நலம் உடையோர் நூற்றுக்கு 36 பேரே என்று கண்டனர். பசியிலும் புகையிலும் வளரவிட்ட உடல்களை, ஆபத்து வந்ததும் 'வா, ஆடு' என்றழைத்தது அந்நாடு. அழைத்த கவிதை அந்த வயிறுகளைக் கேட்கவில்லை.

வில்பிரட் ஓவன் 1915 அக்டோபரில், சட்டம் வருமுன்னரே, தாமாகச் சேர்ந்தவர். ஆகவே அவருடைய மறுமொழி கோழையின் முனகலன்று. நாட்டுக்காக மடிவதைப் புகழ்ந்த ரோமப் புலவர் ஹொரேஸின் அடியையே தலைப்பாக்கி, நச்சுப்புகையில் மூச்சடைத்துச் சாகும் வீரனை நம் கண்முன் கிடத்துகிறார். கையெழுத்துப் படியில் அப்பாடல் போப் அம்மையாருக்கென்றே குறிக்கப்பட்டிருந்தது. பிறகு அப்பெயர் நீக்கப்பட்டது. நீக்கியது நன்று என்பேன். பெயரிருந்தால் ஒரு பெண்மணியோடு வழக்கு முடிந்திருக்கும். பெயரற்ற அந்த 'நண்பர்', புகழுக்கு ஏங்கும் பிள்ளைகளிடம் பொய்யைப் போதிக்கும் எவரும் ஆகலாம். வகுப்பறையில் நிற்கும் எனக்கு அந்த விளி சுடுகிறது.

குறையும் உண்டு. சாவின் கொடுமையைக் காட்டியவர், அச்சாவுக்கு ஆள் தேடியோரின் ஆதாயத்தை இப்பாட்டில் தொடவில்லை.

1918 நவம்பர் 4இல், போர் ஓய ஒரு வாரமே இருக்கையில், ஓவன் களத்தில் மடிந்தார். பாடல் 1920இல் நூலேறியது. ஆள் சேர்த்த மேடைகள் அதற்குள் கலைந்துவிட்டிருந்தன.