இன்றைய கார்ட்டூன் எங்கே?

2024 ஜூன் 19. கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலிருந்து சாவுச் செய்திகள் வந்துகொண்டே இருந்த அந்த நாளில், இணையத்தில் கார்ட்டூன் போடுகிறவருக்கு யோசிக்க எவ்வளவு நேரம் இருந்திருக்கும்? ராத்திரிக்குள் படம் ஏறியாக வேண்டும். மறுநாள் என்றால் ஆறிப்போன செய்தி. கள்ளச்சாராயம் என்றதும் கை தானாகத் தேடிப் போகிற பொருள்கள் உண்டு: பாட்டில், மண்டை ஓடு, நாற்காலி. முந்தைய ஆண்டு மே மாதம்தான் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் கள்ளச்சாராயத்தில் கலந்த இதே மெத்தனால் 20-க்கும் மேற்பட்டோரைக் கொன்றிருந்தது. டேப்லெட்டில் பழைய கோப்பைத் திறந்து, ஊர்ப் பெயர் இருக்கும் லேயரை மட்டும் மாற்றி எழுதினால் புதுப் படம் தயார்.

கார்ட்டூனிஸ்ட் உள்ளுக்குள் வற்றத் தொடங்குவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். வேலைப்பளு பாதிக் காரணம்தான். போன வருடம் வரைந்த படம் ஒன்றையும் அசைக்கவில்லை என்பதற்கு அந்தக் கோப்பே சாட்சியாக உட்கார்ந்திருக்கிறதே, அது மீதிப் பாதி.

'தினம் ஒன்று' என்ற வழக்கத்தை அதற்காக ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஆர்.கே. லக்ஷ்மண் 1951-ல் தொடங்கிய தினசரிப் பெட்டிக் கார்ட்டூனைப் பல பத்தாண்டுகள் வரைந்தார். நாள்தோறும் வரைந்ததில்தான் அந்தக் கோடு அவ்வளவு சிக்கனமானது. வேகத்துக்கும் ஒரு வீரியம் உண்டு. 2017 அக்டோபர் 23 அன்று கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில் தீக்குளித்தது. கார்ட்டூனிஸ்ட் பாலா அதைப் பற்றி வரைந்த படம் சூடு ஆறும் முன் வெளிவந்தது. எரியும் குழந்தைக்கு முன்னால் முதல்வரும் அதிகாரிகளும் ரூபாய் நோட்டால் அம்மணத்தை மறைத்துக்கொண்டு நிற்பார்கள். ஆறு மாதம் கழித்து வந்திருந்தால் அந்தக் கோபம் செயற்கையாகத் தெரிந்திருக்கும்.

ஆனால் எல்லாத் துயரத்துக்கும் அதே வேகம் பொருந்தாது. கள்ளக்குறிச்சி என்றதும் பின்னணியில் கல்வராயன் மலையை வரைந்து, அதன் மேல் ஒரு சாராயப் பானையை வைத்துவிடுவது எளிது. மலையில் சாராயம் காய்ச்சப்படுவது உண்மைதான். கருணாபுரம் இருப்பதோ மலையடிவாரத்துக் காட்டில் அல்ல, நகரத்துக்குள்ளேயே. 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்ற மெத்தனால் தொழிற்சாலைகளுக்குப் போகிற ரசாயனம், ஊறலில் பிறப்பதல்ல. மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு வேறொரு கதை இருக்கிறது. நாடு விடுதலை அடைந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகியும், 1976 வரை, அவர்கள் ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தார்கள். சாவுகளுக்கு அடுத்த மாதம் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையை விசாரணைக்கு எடுத்தது. நல்ல கார்ட்டூன் அங்கேதான் காத்திருந்தது. அதற்குள் இணையம் வேறு செய்திக்குப் போய்விட்டது. வேகத்தின் பெரிய குறை, அது கலைஞனைக் களைக்க வைப்பதோடு நிற்காமல் படத்தையும் தப்பான இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவது.

இதே மாவட்டத்தின் மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சிற்பப் பட்டறையில் ஒரே பிள்ளையாரை நூறாவது முறை செதுக்குவது சலிப்பல்ல, தொழில். கை ஓய்ந்தால் உளியையும் கொட்டாப்புளியையும் பக்கத்தில் இருப்பவர் வாங்கிக்கொள்வார். இணையத்தில் வரைகிறவருக்கு அப்படி ஒரு பக்கத்து ஆள் இல்லை.

சக கலைஞர்கள் கைகொடுப்பதே இல்லையா? கொடுக்கிறார்கள், போலீஸ் வந்தால். 2017 நவம்பர் 5 அன்று பாலா கைது செய்யப்பட்டபோது பத்திரிகையாளர்கள் தெருவில் இறங்கினார்கள்; அந்தப் படம் முன்னைவிடப் பல மடங்கு பரவியது. மறுநாளே ஜாமீன் கிடைத்தது. கைது கண்ணுக்குத் தெரியும். கூடிநிற்க ஒரு வாசல் இருக்கும். 'ஐடியா வரல' என்று ஒருவர் மூன்று வாரம் முடங்கிக் கிடந்தால் எந்த வாசலில் போய் நிற்பது? "சீக்கிரம் வாங்க தோழர், காத்திருக்கோம்" என்று எழுதுகிறோம். அன்புதான், ஆனால் அதற்குள்ளும் 'இன்றைய கார்ட்டூன் எங்கே?' என்ற கேள்விதான் இருக்கிறது.

அமெரிக்க நாளிதழ்ச் சித்திரக்காரர்கள் சிலருக்கு விடுப்பு கிடைத்தது. கேரி லார்சன் 1988-ல் தொடங்கி 14 மாதம் ஒதுங்கினார். பில் வாட்டர்சன் 1991-லும் 1994-லும் நீண்ட விடுப்பு எடுத்தார். பத்திரிகைகள் பழைய படங்களை மறுபடி போட்டன. இருவருமே 1995-க்குள் தொடரை நிறுத்திவிட்டார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். விடுப்பு எல்லாவற்றையும் குணமாக்கிவிடவில்லை. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது ரிச்சர்ட் தாம்ஸனுக்கு நடந்தது. பார்க்கின்சன் நோயால் அவர் கை தளர்ந்தபோது, 2012 தொடக்கத்தில் சில வாரங்கள் மற்ற கார்ட்டூனிஸ்ட்கள் அவருடைய 'கல் டி சாக்' தொடரை ஆளுக்கொரு வாரமாக வரைந்துகொடுத்தார்கள். அவரவர் பாணியில்தான் வரைந்தார்கள். இடம் அவருடையதாகவே இருந்தது.

தமிழ் இணையத்தில் இதைச் செய்யலாம், ஆனால் சும்மா நடக்காது. தாம்ஸனின் இடத்துக்குப் பின்னால் விநியோக நிறுவனம் இருந்தது. இங்கே பக்கமும் பெயரும் வருமானமும் ஒரே ஆளைச் சுற்றியவை; ஒரு வாரம் விட்டால் ரீச் விழும் என்ற பயம் வேறு. விருந்தாளியாக வருகிறவர் தன் கையெழுத்தைப் போடலாமா, அந்த வாரச் சந்தாப் பணம் யாருக்கு, படத்துக்கு வழக்கு வந்தால் நோட்டீஸ் எந்த வீட்டுக்கு வரும் என்பதையெல்லாம் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். கூச்சப்பட்டுத் தள்ளிப்போடுகிற பேச்சு இதுதான்.