குழாய் இருந்தது, தண்ணீர் வரவில்லை

சுரங்கத்தில் தீப்பிடித்தது என்று செய்தி வந்தால் நாம் என்ன கேட்கிறோம்? தீயணைக்கும் கருவிகள் இருந்தனவா என்று கேட்கிறோம். அவற்றை எவராவது முன்பே இயக்கிப் பார்த்தார்களா என்று கேட்பதில்லை.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் அரகோமா ஆல்மா என்றொரு நிலக்கரிச் சுரங்கம். 2006 ஜனவரி 19 அன்று, கரியைச் சுமந்து செல்லும் கன்வேயர் பெல்ட் தடம் விலகி உராய்ந்தது. அந்தச் சூட்டில் அங்கே சேர்ந்திருந்த கரித்தூள் பற்றிக்கொண்டது. தொழிலாளர்கள் தீக்குழாயைக் கொண்டு வந்தார்கள். குழாயின் மரையும் தண்ணீர் வால்வின் மரையும் பொருந்தவில்லை! சரி, வால்வையாவது திறப்போம் என்றால், தண்ணீரே வரவில்லை. ஒரே ஒருநாள் ஒத்திகை பார்த்திருந்தால் இரண்டு குறைகளும் வெளிப்பட்டிருக்கும் அல்லவா?

காற்றுப் பாதைகளைப் பிரிக்கும் தடுப்புச் சுவர்கள் சில இல்லாததால், தப்பிச் செல்லும் வழியிலேயே புகை புகுந்தது. உள்ளிருந்த 12 பேர் கொண்ட குழுவில் பத்துப் பேர் தப்பினர். புகையில் வழி தவறிய இருவர் மாண்டனர். சுரங்க நிறுவனம் பின்னர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 25 லட்சம் டாலர் அபராதம் செலுத்தியது. மேற்பார்வையாளர் சிலர், கட்டாய ஒத்திகைகளை நடத்தாத குற்றத்தை ஒப்புக்கொண்டனர். சட்டம் இல்லாமற் போகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கேட்டு அறிவதும் செய்து பழகுவதும் வேறு வேறு. சுரங்கத் தொழிலாளி இடுப்பில் சுமக்கும் மூச்சுக்கருவியையே எடுத்துக்கொள்வோம். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் சேர்வது; எனவே வெளிக்காற்றே வேண்டாம் என்று அமைந்த கருவி இது. ஒரு வகையில் பொட்டாசியம் சூப்பராக்சைடு, மூச்சின் ஈரத்தோடு வினைபுரிந்து ஆக்சிஜன் தருகிறது. அந்த வினையில் வெப்பமும் பிறக்கும். வாய்க்குள் வருவது சூடான காற்று. அதையும் இழுத்துத்தான் மூச்சுவிட வேண்டும். முன்பின் பழகாதவன் கருவி கெட்டுவிட்டதென்று எண்ணிக் கழற்றி எறிவான். கழற்றினால் நச்சுப்புகை!

2006ஆம் ஆண்டின் இறுதியில் வந்த அமெரிக்க விதிகள் இதை உணர்ந்திருக்கின்றன. மூன்று மாதத்துக்கொரு முறை தப்பும் ஒத்திகை. ஆண்டுக்கொரு முறை, அந்தச் சூட்டையும் மூச்சுத்திணறலையும் உணர்த்தும் பயிற்சிக் கருவி. இதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் வகுப்பில் உட்கார வைத்துப் பேசிவிட்டு ஏட்டில் கையொப்பம் வாங்குவதும் பயிற்சிக் கணக்கில் சேருமானால், அரகோமாவின் குழாயைப் போலத்தான் அதுவும். குழாயை வால்வில் மாட்டி, தண்ணீர் பீறிட்டு வந்தபின் அந்தக் கையொப்பத்தை வாங்கட்டும்.