பிசாசுக்குப் பசிக்கும்

ஆடி மாதத்தில் உத்திரமேரூர் பக்கம் ஒரு கிராமத்து மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சொம்போடு வரிசையில் முண்டிய பொடியனைப் பார்த்து ஒரு பாட்டி, ‘ஏன்டா பிசாசு மாதிரி பறக்குற? எல்லாருக்கும் இருக்குடா’ என்று அதட்டினார். பாட்டிக்கு சம்ஸ்கிருதம் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் வார்த்தையை கனகச்சிதமாகப் போட்டார்.

‘பிசித’ என்றால் மாமிசம்; அதைத் தின்பது பிசாசம் என்பது பண்டிதர்கள் பிரித்துக்காட்டும் பழைய அர்த்தம். அதாவது பிசாசின் வேலை பயமுறுத்துவது இல்லை. அதற்குப் பசி, அவ்வளவுதான்.

தமிழில் இந்தப் பசியை ஜெயங்கொண்டார் மாதிரி எழுதியவர் கிடையாது. முதலாம் குலோத்துங்கன் நம்ம காஞ்சிபுரத்தில் இருந்தபடி கருணாகரத் தொண்டைமானைக் கலிங்கத்துக்கு அனுப்புகிறான். அந்த வெற்றியைப் பாடவந்த ‘கலிங்கத்துப்பரணி’யில் ராஜாவுக்குச் சமமாகப் பேய்களும் வருகின்றன. காளியிடம் போய், பசி தாங்கலை என்று அழுகின்றன. இமயத்தில் வித்தை கற்று வந்த ஒரு கிழப்பேய், இந்திரஜாலத்தில் ரத்த ஆறும் பிணக்குவியலும் காட்டுகிறது. மற்றவை விழுந்தடித்து அள்ளினால், வெறுங்கை! சிரிப்பு வரும். கூடவே தொண்டையில் என்னமோ அடைக்கும்.

யுத்தம் முடிந்ததும் கூழ் சமையல். முரசுதான் உரல், யானைத் தந்தம் உலக்கை. பந்தியில் குருட்டுப் பேய், ஊமைப் பேய் எல்லாம் உண்டு. ஆசாரம் பார்க்கும் சமணப் பேய்க்கு மயிர் இல்லாமல் வடிகட்டி ஊற்றுகிறார்கள். கேலியில் யாரும் தப்பவில்லை.

சரி, அரிசி? செத்த கலிங்க வீரர்களின் பல். எனக்கு உறுத்துவது இங்கேதான். பேயின் பசிக்கு இத்தனை இரக்கப்படவைக்கும் கவிஞர், அந்தப் பல்லுக்குச் சொந்தக்காரனுக்காக நம்மை ஒரு நிமிஷம்கூட நிற்கவிடுவதில்லை. பேய்கள் சாப்பிட்டு ஏப்பம் விட்டு குலோத்துங்கனை வாழ்த்துகின்றன. மகா கவிதைதான், சந்தேகமில்லை. ஆனாலும் அரண்மனைக் கவிதை.

இதற்கு நேர் எதிர் காரைக்கால் அம்மையார். புருஷன் விலகிப்போனதும், இந்தத் தசைப்பொதியைக் கழற்றிவிட்டுப் பேய் வடிவம் கொடு என்று சிவனிடம் கேட்டு வாங்கினார் என்கிறது பெரியபுராணம். பேய் மாமிசம் தின்னும் என்றுதானே படித்தோம்? இந்தப் பேய் தன் மாமிசத்தையே உதறுகிறது! பாட்டிலும் தன் பெயரைக் கூசாமல் ‘காரைக்கால் பேய்’ என்று போட்டுக்கொண்டார். திருவாலங்காடு போனால் பார்த்துவிட்டு வாருங்கள்.

நம்ம சினிமாப் பேய்களுக்குப் பசியே எடுப்பதில்லை. வெள்ளைப் புடவை, ஃப்ளாஷ்பேக், பழிக்குப் பழி. 2014-ல் மிஷ்கின் ‘பிசாசு’ என்றே படம் எடுத்தார். ரொம்ப நல்ல பிசாசு, எனக்குப் பிடித்தது. அதுவும் ஒரு வாய் சாப்பிடவில்லை.

அந்தப் பொடியன் மூன்று சொம்பு வாங்கினான்.