அடைமொழியும் தந்தையாரும்: ‘என் சரித்திரம்’ முன்வைக்கும் தந்தைச் சித்திரிப்பு

முன்னுரை

தந்தையைப் பற்றி எழுதப்படும் தமிழ் உரைநடையில் சில அடைமொழிகள் மீண்டும் மீண்டும் வருகின்றன. ‘கண்டிப்பான’, ‘பாசமிக்க’, ‘தியாகமே உருவான’, ‘ஓயாது உழைத்த’ ஆகியன அவற்றுள் முதன்மையானவை. தன்வரலாறு, நினைவுக் கட்டுரை, நூல்களின் காணிக்கையுரை என எங்கும் இவற்றைக் காணலாம். இச்சொற்கள் பொய்யானவை அல்ல. ஆயின் எந்தத் தந்தைக்கும் பொருந்துவதால், அவை குறிப்பிட்ட ஒரு தந்தையைக் காட்டும் ஆற்றலை இழந்துவிடுகின்றன. இச்சொற்றேர்வுச் சிக்கலை உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்து, ஆசிரியரின் மறைவால் முற்றுப்பெறாது நின்று, 1950இல் நூலுருப் பெற்றது இத்தன்வரலாறு. இதன் இளமைப் பகுதியில் கணிசமான பங்கு இன்றைய அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் நிகழ்கிறது.

இலக்கணம் தரும் அளவுகோல்

அடைமொழியைத் தேர்வதற்கான அளவுகோல் ஒன்றைத் தொல்காப்பியக் கிளவியாக்கம் தருகிறது. இனத்தைச் சுட்டாத பண்படை செய்யுளுக்கு உரியது. வழக்கிற்கு உரியதன்று என்பது அதன் கருத்து. ‘செந்தாமரை’ என்னும்போது செம்மை, வெண்டாமரையிலிருந்து அதனைப் பிரித்துக் காட்டுகிறது. ‘செஞ்ஞாயிறு’ என்பதில் அவ்வாறு பிரித்துக் காட்ட வேறொரு ஞாயிறு இல்லை. அவ்வடை அழகு செய்கிறதே அன்றி அடையாளம் காட்டுவதில்லை. ‘பாசமிக்க தந்தை’ என்னும் தொடரும் உரைநடையில் ஏறக்குறைய ‘செஞ்ஞாயிறு’ போன்றதே. பாசமற்ற தந்தையரும் உலகில் உண்டெனினும், எழுதுவோர் எவரும் அவரிடமிருந்து பிரித்துக்காட்டும் நோக்கில் அச்சொல்லை இடுவதில்லை.

செய்யுளிலும் சான்றோர் இவ்வடையைச் சிக்கனமாகவே கையாண்டனர். பாரி மகளிரின் புறநானூற்றுப் பாடலில் (112) நிலவுக்கு வெண்மை அடையாகிறது. பறம்பைக் கைக்கொண்ட வேந்தருக்கு வெற்றிமுரசு அடையாகிறது. இழந்த தந்தைக்கோ அடை இல்லை; அவரை உடையவராய் இருந்தோம், இன்று இல்லாதவரானோம் என்னும் கூற்றே உண்டு. வள்ளல் எனத் தமிழுலகம் போற்றிய ஒருவரைப் பற்றி அவர் மகளிரே பாடும்போது ‘வள்ளல்’ என்னும் சொல் இடம்பெறவில்லை. இழப்பின் முழுச்சுமையையும் ‘எந்தை’ என்னும் முறைப்பெயரே தாங்கிக்கொள்கிறது.

வினைகளால் உருவாகும் தந்தை

சாமிநாதையரின் தந்தை வேங்கடசுப்பையர் இசைவாணர். தம் உறவினரும் உடையார்பாளையம் ஜமீனின் ஆதரவு பெற்றவருமான கனம் கிருஷ்ணையரிடம் பணிவிடை செய்து இசை பயின்றவர். இராமாயணக் கீர்த்தனைகளைப் பாடிப் பிரசங்கம் செய்து, ஊர்ஊராகச் சென்று அன்பர்களின் ஆதரவில் குடும்பம் நடத்தியவர். தம் மகனும் இசையில் தேர்ச்சி பெற வேண்டும் என்பது அவர் விருப்பம். மகனின் நாட்டமோ தமிழின்மேல் சென்றது.

இம்முரணை விளக்க ‘பொறுமையுள்ள’ அல்லது ‘பெருந்தன்மை வாய்ந்த’ என்னும் ஓர் அடை போதுமானதாகத் தோன்றலாம். நூல் தேர்ந்த வழி வேறு. அரியலூரில் சடகோபையங்காரிடம் பாடம், குன்னத்தில் வாசம், நன்னூல் கற்பதற்காகக் கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடம் செல்லுதல், யாப்பருங்கலக்காரிகைக்காகச் செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரை நாடுதல், ஈற்றில் 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மகனை ஒப்படைத்தல் என இப்பகுதி விரிகிறது. மகனின் கல்விக்காகக் குடும்பமே இடம்பெயர்கிறது. தம் விருப்பத்திற்கு மாறான கல்விக்காகத் தந்தை மேற்கொண்ட அலைச்சல்களைப் படித்து முடிக்கும் வாசகர், அவருக்குரிய அடைமொழியைத் தாமே உருவாக்கிக்கொள்கிறார். பண்புச் சொற்கள் நூலில் அறவே இல்லை என்பதன்று. அவை இடம்பெறும் பொழுதும் சித்திரத்தைத் தாங்குபவை வினைச்சொற்களே என்பதே இங்குக் கருதத்தக்கது.

மரியாதை விகுதியின் வலிமையும் எல்லையும்

சாமிநாதையர் அடையால் செய்யாததை ‘ஆர்’ விகுதியால் செய்கிறார். ‘தந்தையார்’, ‘தகப்பனார்’ என்னும் வழக்குகள் அன்பு, அச்சம், நன்றி ஆகிய மூன்றையும் ஒருங்கே தாங்குகின்றன. இவ்விகுதிக்கு ஓர் எல்லையும் உண்டு. மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் தொடங்கிய இசைப்பயிற்சியை, ஆசிரியர் பிள்ளை விரும்பாமையால் சாமிநாதையர் கைவிட நேர்ந்தது. தந்தையின் கலை மகனோடு நின்றுபோன இடம் அது. அங்கு எழுந்திருக்கக்கூடிய மனக்கசப்பையோ குற்றவுணர்வையோ விரித்துரைக்க, மரியாதையின் நடை இடம் தருவதில்லை. அந்நடை காக்கும் இடைவெளி சிலவற்றை மறைக்கவும் செய்கிறது.

அரை நூற்றாண்டுக்குப் பின் சுந்தர ராமசாமி ‘குழந்தைகள் பெண்கள் ஆண்கள்’ (1998) நாவலில் இவ்விடைவெளியை மாற்றுக் கருவியால் அளக்கிறார். சிறுவன் பாலுவின் தந்தை அங்கு எடுத்துரைப்பில் ‘எஸ்.ஆர்.எஸ்.’ என்றே சுட்டப்படுகிறார். ‘கண்டிப்பான’ என்னும் அடை செய்ய வேண்டிய பணியை அம்மூன்று முதலெழுத்துகள் செய்கின்றன. மரியாதை விகுதி விலகியதால், அச்சத்தை அச்சமாகவே எழுத முடிகிறது. இரு நூல்களின் நோக்கும் வகைமையும் வேறு. எனினும் தந்தையைச் சுட்டும் பெயர்த்தேர்வே தலையாய வருணனையாகிறது என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

முடிவுரை

சொற்றேர்வுச் சிக்கல் நடையழகோடு முடிவதன்று. அன்று வேங்கடசுப்பையர் அலைந்த வட்டாரத்தில் இன்று சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் விளைகின்றன. பூலாம்பாடி போன்ற ஊர்களிலிருந்து முதல் தலைமுறையாகக் கற்று எழுத வருவோர், தம் தந்தையரை ‘கடும் உழைப்பாளி’ என்று எழுதி அமையும்போது உழைப்பு மட்டும் பதிவாகிறது, அறிவு விடுபடுகிறது. விதை வெங்காயத்தைப் பட்டறையில் அழுகாமல் காப்பதும், மழை பார்த்து விதைப்பைத் தள்ளிப்போடுவதும் கல்வியே. அவற்றை வினைகளாக எழுதினாலன்றி அத்தந்தையர் கற்றவராக இலக்கியத்தில் இடம்பெறார். வேங்கடசுப்பையர் இன்றும் இசைவாணராக நினைக்கப்படுவது, மகன் அவரை ‘நல்ல தந்தை’ என்று சொல்லியமைந்ததால் அன்று. அவர் யாரிடம் கற்றார், எங்குப் பாடினார், எதற்காக ஊர் மாறினார் என்பவற்றை எழுதி வைத்ததால் ஆகும். தந்தையைப் பற்றிய அடைமொழி ஒன்றை எழுதுமுன், அது அவரை எவரிடமிருந்து பிரித்துக் காட்டுகிறது எனக் கேட்பதே தொல்காப்பிய விதி இன்றைய உரைநடைக்குத் தரும் பயன்.