விரல் நுனியில் முடியும் சண்டை: ‘இந்தியன்’ சேனாபதியின் வர்மக்கலை

1996ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த ‘இந்தியன்’ திரைப்படத்தின் நாயகன் சேனாபதி எழுபது வயதைக் கடந்தவர். சுதந்திரப் போராட்ட வீரர். லஞ்சம் கொடுக்க மறுத்ததால், தீக்காயமடைந்த மகளைப் பறிகொடுத்தவர். அந்த மரணத்துக்குப் பழிவாங்க அவர் கையில் எடுப்பது வர்மக்கலை. பழிவாங்கும் கதைகளுக்குத் தமிழ் சினிமாவில் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. ஆனால் ஒரு தற்காப்புக் கலையின் இலக்கணத்தையே கதையின் அச்சாக வைத்து, அதை ஒரு முதியவரின் உடலில் நிகழ்த்திக் காட்டிய படம் அபூர்வம்.

வர்மம் தென்தமிழகத்தின் கலை. கன்னியாகுமரி மாவட்டமும் அதை ஒட்டிய பழைய தென்திருவிதாங்கூர்ப் பகுதியும் அதன் தாய்நிலம். அகத்தியர் அருளியது என்பது மரபின் நம்பிக்கை. மரபுக் கணக்கின்படி உடலில் 108 வர்மப் புள்ளிகள் உண்டு. அவற்றில் 12 படுவர்மம், 96 தொடுவர்மம். படுவர்மத்தில் விழும் அடி உயிருக்கு ஆபத்து; தொடுவர்மத்தில் விழுவது வலி, மயக்கம், செயலிழப்பு என்ற அளவில் நிற்கும். உச்சந்தலைக்குக் கொண்டைக்கொல்லி, புருவ மத்திக்குத் திலர்த காலம் என்று ஒவ்வொரு புள்ளிக்கும் பெயர் இருக்கிறது. அடிக்கு ஈடாக அதை இளக்கும் முறையும் இருக்கிறது. அதற்கு அடங்கல் என்று பெயர். இளக்கத் தெரியாதவனுக்கு அடிக்கக் கற்றுத்தருவதில்லை என்பது ஆசான்களின் கட்டுப்பாடு. சித்த மருத்துவத்தில் வர்மம் இன்றைக்கும் ஒரு பிரிவாகப் பயிற்றுவிக்கப்படுகிறது.

சண்டைப் படத்துக்கு இப்படி ஒரு கலையைத் தேர்ந்தெடுத்ததில் பெரிய லாபமும் அதே அளவு சிக்கலும் இருந்தன. லாபம், நாயகனின் வயது. எழுபது வயதுக்காரர் நாலு பேரைத் தூக்கி எறிந்தால் அரங்கம் நம்பாது. விரல்களை மடக்கி ஓரிடத்தில் குத்தினால் நம்பும். வர்மத்துக்குத் தோள்பலம் தேவையில்லை. இடமும் நேரமும் தெரிந்தால் போதும் என்பதால் நாயகனின் வயதும் கலையின் இயல்பும் ஒன்றுக்கொன்று கச்சிதமாகப் பொருந்தின. சிக்கல், கேமராவின் கண். கராத்தேயிலும் குங்ஃபூவிலும் உதை காற்றைக் கிழித்துக்கொண்டு வருவது தெரியும். சிலம்பத்தில் கம்பு சுழல்வது தெரியும். வர்மத்தில் தெரிவதற்கு என்ன இருக்கிறது? கை ஒரு சாண் நகர்கிறது, அவ்வளவுதான்.

இந்தச் சிக்கலை இயக்குநர் ஷங்கரும் சண்டைப் பயிற்சியாளர் விக்ரம் தர்மாவும் அவிழ்த்த விதத்தில்தான் படத்தின் திறமை அடங்கியிருக்கிறது. வழக்கமான சண்டைக் காட்சியில் அடிப்பவரின் உடல் பேசும். இங்கே அடிபடுபவரின் உடல் பேசுகிறது. சேனாபதியின் விரல் பட்ட நொடியில் எதிராளியின் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொள்கிறது, கை மடங்கியபடியே விறைக்கிறது, வாய் கோணுகிறது, கால் தரையில் வேரூன்றியதுபோல நின்றுவிடுகிறது. சண்டையின் முக்கால் பங்கு வேலை எதிரே நிற்கும் துணை நடிகர்களுடையது. தன்னைக் கைது செய்ய வரும் அதிகாரி கிருஷ்ணசாமியை சேனாபதி எதிர்கொள்ளும் இடத்தில் நெடுமுடி வேணு தந்த உடல்மொழி இதற்கு நல்ல சான்று. அந்தக் காட்சியின் வலி முழுவதும் அவர் கழுத்திலும் முகத்திலும்தான் இருக்கிறது. சேனாபதியாக நடித்த கமல்ஹாசனின் முகத்தில் ஒரு சலனமும் கிடையாது. அடிபட்டவரின் நடிப்பு சற்றுப் பிசகியிருந்தாலும் அடித்தவரின் கலை கேலிக்கூத்தாகியிருக்கும்.

மருத்துவர் ஒருவரைத் தொலைக்காட்சி நேரலையில் தண்டிக்கும் காட்சி இன்னொரு உதாரணம். நிழல்கள் ரவி ஏற்ற அந்த வேடத்துக்கு ஓடவோ தப்பவோ வழியில்லை. உடலை வர்மம் கட்டிப்போட்டுவிடுகிறது. அசைவே இல்லாத ஒரு ‘சண்டை’ அத்தனை நேரம் பார்வையாளரை இருக்கையில் பிடித்து வைத்தது. இடுப்பு வாரில் மறைந்திருக்கும் கத்தி வெளியே வரும்போது சண்டை ஏற்கெனவே முடிந்துபோயிருக்கிறது. வெல்வதற்கு வர்மம், தண்டிப்பதற்குக் கத்தி என்ற இந்தப் பங்கீட்டைப் படம் கடைசிவரை விடாமல் காக்கிறது. விமான ஓடுதளத்தில் பெற்ற மகனையே கொல்லும் இறுதிக் கட்டத்திலும் கத்திதான் தீர்ப்பு எழுதுகிறது.

கமல்ஹாசனுக்கு வர்மக்கலை அசைவுகளைச் சொல்லிக்கொடுத்தவர் ஆசான் ராஜேந்திரன். அந்தப் பயிற்சியின் பலன் கைகளைவிட நிற்கும் நிலையில் நன்றாகத் தெரிகிறது. சேனாபதி எங்குமே அவசரப்படுவதில்லை. எடை பின்னங்காலில், முதுகு நேர், கண் எதிராளியின் முகத்தில் இல்லாமல் தாக்கப்போகும் இடத்தில். படப்பிடிப்புக் காலத்தில் நாற்பதை ஒட்டிய வயதில் இருந்த ஒருவர் தன் இயல்பான வேகத்தை இவ்வளவு தூரம் அடக்கிக்கொள்வது வேகமாகச் சண்டை போடுவதைவிடக் கடினம்.

அந்த அடக்கத்துக்கு ஒப்பனையும் ஒரு காரணம். சேனாபதியின் முகத்தை வடிவமைத்தவர் ஹாலிவுட் ஒப்பனைக் கலைஞர் மைக்கேல் வெஸ்ட்மோர். ‘மாஸ்க்’ படத்துக்காக ஆஸ்கர் வென்றவர். ‘ஸ்டார் டிரெக்’ தொடர்களின் வேற்றுக்கிரக முகங்களை உருவாக்கியவர். நெற்றி, கன்னம், தாடை, கழுத்து என்று துண்டு துண்டாக வார்த்த செயற்கைத் தோலைப் பசையால் ஒட்டி, ஓரங்களை மறைத்து, அதன்மேல் நிறம் தீட்டும் முறை இது. ஒட்டி முடிக்கவே மணிக்கணக்கில் ஆகும். இந்த ஒப்பனைக்கு முதல் எதிரி வியர்வை. பசை இளகினால் ஓரம் பெயர்ந்துவிடும். துள்ளிக் குதிக்கும் சண்டைக்கு இது ஒருபோதும் ஒத்துவராது. நின்ற இடத்தில் விரலால் முடிக்கும் வர்மச் சண்டைக்குப் பொருந்தியது. கதையின் தேவைக்காகத் தேர்ந்தெடுத்த கலை, படப்பிடிப்புத் தளத்தின் தேவைக்கும் இப்படி உதவியது. தந்தை, மகன் இரண்டு வேடமும் ஒரே நடிகருக்கு என்பதால், இருவரும் சந்திக்கும் காட்சிகளில் எதிரே நிற்பவர் மாற்று நடிகராகவோ வெறும் வெற்றிடமாகவோ இருந்தாக வேண்டும். யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து அடிக்கும் கைக்குக் கணக்கு தப்பாமல் இருப்பது தனித் திறமை.

சேனாபதியின் இளமைக்கால இந்திய தேசிய ராணுவப் பகுதியில், நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் பழைய செய்திப்படக் காட்சிகளோடு கமல்ஹாசனின் உருவம் இணைக்கப்பட்டது. தமிழ் சினிமாவில் கணினி வரைகலை தவழத் தொடங்கியிருந்த காலம் அது. அந்த ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த நடிகர் கமல்ஹாசன், சிறந்த கலை இயக்குநர் தோட்டா தரணி, சிறப்பு விளைவுகளுக்கான விருது எஸ்.டி. வெங்கி என மூன்று விருதுகள் படத்துக்குக் கிடைத்தன. ஆஸ்கருக்கு இந்தியாவின் அதிகாரபூர்வப் பரிந்துரையாகவும் அது அனுப்பப்பட்டது.

படத்தின் பேச்சில் திருச்சி மண்ணின் பங்கு உண்டு. வசனம் எழுத்தாளர் சுஜாதா. ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்து, அங்கேயே பள்ளிப்படிப்பை முடித்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். ‘ஜென்டில்மேன்’, ‘காதலன்’ இரண்டுக்கும் பாலகுமாரன் வசனம் எழுதியிருக்க, ஷங்கரோடு சுஜாதா முதலில் இணைந்தது ‘இந்தியன்’ படத்தில். சேனாபதி அதிகம் பேசாத ஆள். பேசும்போது வாக்கியங்கள் குட்டையாக, நேராக வந்து விழுகின்றன. விரலின் சிக்கனம் வாயிலும் இருக்கிறது. சண்டைக்கும் வசனத்துக்கும் இப்படி ஒரே தாளம் அமைவது அபூர்வம்.

உலக சினிமாவில் ‘இந்தியன்’ படத்தோடு ஒப்பிடத் தகுந்தது குவென்டின் டரன்டினோவின் ‘கில் பில்’. 2003, 2004 ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வந்த பழிவாங்கும் படம். ஹாங்காங்கின் யுவென் வூ-பிங் சண்டை வடிவமைத்தார். முதல் பாகத்தின் பெரும் வாள்சண்டை பெய்ஜிங்கில் படமாக்கப்பட்டது. ரத்தம் தெறிப்பதற்குக் கணினியை நம்பாமல், பழைய சீனப் படங்களின் பாணியில் ஆணுறைகளில் செயற்கை ரத்தத்தை நிரப்பி உடைத்தார்கள். அத்தனை வாளும் ரத்தமும் ஓடிய கதை முடிவது எப்படி? பாய் மெய் என்ற கிழட்டு குரு கற்றுத்தந்த வித்தையால், விரல் நுனிகள் ஐந்து புள்ளிகளைத் தொட, தொடப்பட்டவர் ஐந்தடி நடந்ததும் இதயம் நின்று சாய்கிறார். சீன மரபில் இப்படிப்பட்ட ‘தொட்டுக் கொல்லும்’ வித்தைகள் பற்றிய கதைகள் நிறைய. நம்மூர்ப் படுவர்மத்துக்கு அவை ஒன்றுவிட்ட சகோதரர்கள். அதை டரன்டினோ கடைசி அடியாக வைத்தார். ‘இந்தியன்’ அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே முதல் அடியாக வைத்தது. கமல்ஹாசனின் 2001ஆம் ஆண்டுப் படமான ‘ஆளவந்தான்’ வன்முறைக் காட்சிகளை இயங்குபடமாக மாற்றிக் காட்டிய உத்தி, ‘கில் பில்’ படத்தின் இயங்குபடப் பகுதிக்குத் தூண்டுகோலாக இருந்ததாக இயக்குநர் அனுராக் காஷ்யப் சொல்லியிருக்கிறார்.

திரையில் காட்டப்படும் வர்மம் உண்மையைவிடப் பெரிது. கழுத்தின் பக்கவாட்டில் ரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அங்கே அழுத்தினால் இதயத் துடிப்பு குறைந்து மயக்கம் வரலாம். மேல்வயிற்றின் நடுவில் விழும் அடி சில நொடிகள் மூச்சை நிறுத்தும். ஒரே தொடலில் ஆளைச் சிலையாக்குவது சினிமா தந்த சலுகை. ஆயினும் அந்தச் சலுகையால் ஒரு நன்மை நடந்தது. கன்னியாகுமரிக்கு வடக்கே பெயர்கூடப் பரவலாகத் தெரியாதிருந்த கலை வீட்டுக்கு வீடு பேசப்பட்டது. 2011இல் ‘ஏழாம் அறிவு’ போதிதர்மரையும் நோக்கு வர்மத்தையும் கையில் எடுத்தது. 2024 ஜூலையில் சேனாபதியே ‘இந்தியன் 2’ வழியாகத் திரும்பி வந்தார். அதில் வர்மத்தின் வேடிக்கைகள் பெருகின. முதல் படத்தின் சிக்கனம் தொலைந்துபோனது பெரும் இழப்பு.

திரைக்கு வெளியே, 2024 ஜனவரியில் தமிழ்நாடு நடத்திய கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சிப் போட்டியாகச் சேர்க்கப்பட்டது. போட்டிகள் நடந்த நான்கு நகரங்களில் திருச்சியும் ஒன்று. அங்குள்ள அண்ணா விளையாட்டரங்கத்தில் களரிப்பயட்டும் மல்லர்கம்பமும் நடந்தன. களரிக்கு நடுவர் உண்டு, புள்ளி உண்டு, பதக்கம் உண்டு. களரியின் தென்முறையோடு ஒட்டிப் பிறந்த வர்மத்துக்கு அந்த வரிசையில் இடமில்லை. இடம் தரவும் முடியாது: சரியாக விழுந்த வர்ம அடிக்கு யாரும் மதிப்பெண் போட முடியாது, விழாமல் நிறுத்திய அடியை யாரும் பார்க்க முடியாது. வர்மம் ஆசானின் சிகிச்சை அறையில், பிசகிய தோளையும் பிடித்துக்கொண்ட இடுப்பையும் இளக்கும் விரல்களில் தொடர்கிறது.